ஆர்கானிக் உணவு: குடும்பத்துக்காக வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் போதும், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஐந்தாவது நிமிடத்தில் ஆர்கானிக்கில் வந்து நிற்கும். கேட்பவர்கள் பெரும்பாலும் சிறு பிள்ளைகளைப் பெற்றவர்கள். அல்லது வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகு சமையலறையைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியவர்கள். ஒரே பதிலை எத்தனை முறைதான் சொல்வது? கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன். எனக்கு விற்பதற்குச் சரக்கும் இல்லை, ஆர்கானிக்மீது பகையும் இல்லை.

ஆர்கானிக் என்றால் மருந்தே அடிக்காதது என்றுதானே அர்த்தம்?

இல்லை. விளைந்த பொருளில் என்ன இருக்கிறது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. எப்படி விளைவித்தார்கள் என்பதைத்தான் சொல்கிறது. செயற்கை உரம், செயற்கைப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, மரபணு மாற்றிய விதை, கதிர்வீச்சால் பதப்படுத்துதல் ஆகியவற்றை விலக்கி, தொழுஉரம், மட்கு, பயிர்ச் சுழற்சி ஆகியவற்றை நம்பிச் செய்யும் விவசாயம் அது. ஐ.நா. அமைப்புகள் நடத்தும் உணவுத் தர ஆணையத்துக்குக் கோடெக்ஸ் என்று பெயர்; உலக நாடுகள் பொதுவாக ஏற்றுக்கொண்ட அதன் வழிகாட்டுதல் 1999-இல் வந்தது. இன்றைக்கு ரசாயனத்தை நிறுத்திவிட்டு நாளைக்கு ஆர்கானிக் என்று விற்க முடியாது. ஆண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகள், பல்லாண்டு மரங்களுக்கு அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகள் நிலம் மாற வேண்டும் என்பது அந்த வழிகாட்டுதலின் கணக்கு.

மருந்தும் உண்டு. கந்தகம், செப்பு உப்புகள், செவ்வந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் பைரெத்ரின், மண் பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் ஸ்பினோசாட் போன்றவை அனுமதிக்கப்பட்டவை. முதல் வழியாக அல்ல, மற்ற வழிகள் பலிக்காதபோது.

இயற்கையிலிருந்து எடுத்த மருந்துதானே, அதற்கு என்ன பயம்?

அரளி விதையும் இயற்கைதான். ரோட்டினோன் என்று ஒரு மருந்து, சில தாவரங்களின் வேரிலிருந்து எடுப்பது. ஆர்கானிக் விவசாயிகள் நெடுங்காலம் அதைப் பயன்படுத்தினார்கள். பார்க்கின்சன் நோயோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்ற ஆய்வுகள் வந்தன; ஐரோப்பா உட்படப் பல இடங்களில் அது பயன்பாட்டிலிருந்து போய்விட்டது. செம்பு மண்ணில் சிதைவதில்லை, சேர்ந்துகொண்டே போகும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்தியிருக்கிறது.

ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. அனுமதிக்கப்பட்ட இயற்கை மருந்துகளில் பல, பைரெத்ரின் போல, வெயில் பட்டதும் விரைவில் சிதைந்துவிடும். தட்டுக்கு வரும்போது எச்சம் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சத்து அதிகம் என்கிறார்களே, உண்மையா?

இதில் இரண்டு பெரிய ஆய்வுத் தொகுப்புகள் அடிபடும். 2012-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி, வைட்டமின்களில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்றார்கள். 2014-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் தலைமையில் 343 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், ஆர்கானிக் விளைச்சலில் ஆன்டிஆக்ஸிடன்ட் வகைப் பொருள்கள் அதிகம், காட்மியம் என்ற நச்சு உலோகம் சராசரியாக 48 சதவீதம் குறைவு என்றார்கள்.

சண்டை போடுவது போலத் தோன்றினாலும் இரண்டும் வேறு வேறு பொருள்களை எண்ணின. என் கணிப்பு: சத்துக்காக மட்டும் ஆர்கானிக் வாங்குவது வீண். ஒரு பழத்தின் ரகம், பழுத்த அளவு, பறித்து எத்தனை நாள் ஆனது என்பவை அதைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். வாடிப்போன ஆர்கானிக் கீரையைவிடக் காலையில் பறித்த சாதாரணக் கீரை மேல்.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்குக் கொடுக்க வேண்டும்?

எச்சத்துக்காக. மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்டு தொகுப்பில், பூச்சிக்கொல்லி எச்சம் தென்பட்டவை ஆர்கானிக் மாதிரிகளில் 7 சதவீதம், சாதாரண மாதிரிகளில் 38 சதவீதம். ஆர்கானிக்கில் ஏன் பூஜ்யம் இல்லை? பக்கத்து வயலில் அடித்தது காற்றில் வரும், பழைய மண்ணில் கிடந்தது ஏறும், ஒரே கோணியில் கலக்கும். ஏமாற்றும் உண்டு.

இந்த வேறுபாடு உடம்புக்குள்ளும் தெரிகிறது. சியாட்டில் பகுதியில் 23 பள்ளிக் குழந்தைகளை வைத்துச் செய்து 2006-இல் வெளியான ஆய்வு இதில் எளிமையானது. குழந்தைகள் வழக்கமாகச் சாப்பிடுவதை மாற்றவில்லை. அதே பண்டங்களை ஐந்து நாள் மட்டும் ஆர்கானிக்காகக் கொடுத்தார்கள். தினமும் சிறுநீரைச் சோதித்தார்கள். மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகிய இரண்டு மருந்துகளின் தடயம் உடனே கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் தடயமும் திரும்பியது. உள்ளே போவது குறைகிறது என்பது இதனால் உறுதி. அந்தக் குறைவால் நோய் குறைகிறதா என்பது தனிக் கேள்வி, கீழே வருகிறது.

எச்சம் வரம்புக்குள் இருந்தால் ஆபத்து இல்லை என்று எப்படி நம்புவது?

வரம்பு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் பயமும் நம்பிக்கையும் இரண்டுமே அளவோடு இருக்கும். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, எந்தக் கெடுதலும் தெரியாத அதிகபட்ச அளவைக் கண்டுபிடிப்பார்கள். விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பத்தால் வகுப்பார்கள். மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்காக இன்னொரு பத்து. ஆக நூறில் ஒரு பங்கு. அதுதான் வாழ்நாள் முழுதும் தினமும் உள்ளே போனாலும் பாதகமில்லை என்று கொள்ளும் அளவு. அமெரிக்காவில் 1996-இல் வந்த சட்டம் குழந்தைகளுக்காக மேலும் ஒரு பத்தைச் சேர்த்தது. தரவு போதுமானதாக இருந்தால் மட்டுமே அதைத் தளர்த்தலாம்.

காய்க்கு விதிக்கும் எச்ச வரம்பு இதிலிருந்து வேறு. சரியான முறையில் மருந்தடித்தால் அறுவடையின்போது எவ்வளவு மிஞ்சும் என்பதை வைத்து அதை நிர்ணயிக்கிறார்கள். அது மேலே சொன்ன அளவுக்குள் அடங்குகிறதா என்றும் பார்க்கிறார்கள். எனவே வரம்பைக் கொஞ்சம் தாண்டிய காய் உடனே விஷம் ஆகிவிடாது. மருந்தடித்ததற்கும் அறுவடைக்கும் இடையே விவசாயி காத்திருக்க வேண்டிய நாள்கள் காத்திருக்கவில்லை என்பதற்குப் பெரும்பாலும் அது சாட்சி.

இந்த முறையின் பலவீனம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஒவ்வொரு மருந்தையும் தனியாகத்தான் எடைபோடுகிறார்கள். நாம் சாப்பிடுவதோ கலவை. ஒரே கொத்துத் திராட்சையில் ஐந்தாறு மருந்துகள் ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருந்ததை என் கண்ணாலேயே அறிக்கைகளில் பார்த்திருக்கிறேன். சட்டப்படி அது தேறிய மாதிரி. கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திராட்சை வாங்காமல் போனதும் நான்தான்.

ஆர்கானிக் சாப்பிட்டால் புற்றுநோய் வராதாமே?

அப்படிச் சொல்லி யாராவது விற்றால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். பிரிட்டனில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2014-இல் வந்த ஆய்வில், ஆர்கானிக் சாப்பிட்டவர்களுக்கு மொத்தப் புற்றுநோய் குறையவில்லை. பிரான்சில் ஏறக்குறைய 69,000 பேரைக் கவனித்து 2018-இல் வந்த ஆய்வில், அதிகம் ஆர்கானிக் சாப்பிட்டவர்களிடம் 25 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் அங்கே ஆர்கானிக் வாங்கியவர்கள் படிப்பிலும் வருமானத்திலும் மேலே இருந்தவர்கள். காய்கனி அதிகமாகவும் பதப்படுத்திய இறைச்சியைக் குறைவாகவும் சாப்பிட்டவர்கள். கணக்குப் போட்டு அவற்றைக் கழித்தார்கள் என்றாலும் முழுதும் கழிந்துவிடுமா என்பது சந்தேகம்தான்.

கர்ப்பமாக இருக்கிறேன். இப்போதாவது மாற வேண்டுமா?

முடிந்தால் மாறுங்கள் என்று நான் தயங்காமல் சொல்வது இந்த ஒரு கேள்விக்குத்தான். கருவின் மூளை வளரும் காலம் அது. 2011-இல் அமெரிக்காவில் மூன்று தனித்தனி ஆய்வுகள் சேர்ந்தாற்போல் வெளிவந்தன. பூச்சியின் நரம்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து தாயின் உடம்பில் அதிகம் இருந்தபோது, பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் பிற்பாடு குறைவாக இருந்ததை மூன்றும் காட்டின. அந்தத் தாய்மார்களில் ஒரு பகுதியினர் கலிஃபோர்னியாவின் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு மருந்து சாப்பாட்டில் மட்டும் வரவில்லை. அந்த வகையைச் சேர்ந்த குளோர்பைரிபாஸை ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் விலக்கிவிட்டது.

யாரும் கேட்காத ஒன்றை நானாகவே சொல்கிறேன். அந்த மூன்றில் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில் குளோர்பைரிபாஸ் பெரும்பாலும் வயலிலிருந்து வரவில்லை. கரப்பானுக்காக வீட்டுக்குள் அடித்ததிலிருந்து வந்தது. ஆர்கானிக் ஆப்பிளைத் தேடிப்பிடித்து வாங்கிவந்து, பூச்சிக்கு ஸ்பிரே அடித்த மேடையில் வைத்து நறுக்குகிற வீடுகள் இருக்கின்றன. அந்த ஸ்பிரேயை நிறுத்துவதற்குச் செலவே இல்லை.

எல்லாவற்றையும் ஆர்கானிக்காக வாங்கக் கட்டுப்படியாகாது. எதை முதலில் மாற்றுவது?

உங்கள் வீட்டில் எதை அதிகம் சாப்பிடுகிறார்களோ, அதிலும் குறிப்பாக வீட்டின் மிகச் சிறிய ஆள் எதை அதிகம் சாப்பிடுகிறானோ, அதில் தொடங்குங்கள். இரண்டு வயதுக் குழந்தை தினமும் ஓர் ஆப்பிள் சாப்பிட்டால், உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர் ஐந்தாறு ஆப்பிள் சாப்பிடுவதற்குச் சமம். அடுத்தது, தோலோடு சாப்பிடுபவை, இலையாகச் சாப்பிடுபவை: திராட்சை, ஸ்ட்ராபெர்ரி, ஆப்பிள், கீரை வகைகள், குடைமிளகாய். வாழைப்பழம், வெங்காயம், அன்னாசி, அவகாடோ, தோல் தடித்த முலாம்பழம் இவற்றுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது கடைசி.

அமெரிக்காவில் ஓர் அமைப்பு ஆண்டுதோறும் 'அழுக்குப் பன்னிரண்டு' என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறது. வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பதால் ஒரு பழத்தைச் சாப்பிடவே வேண்டாம் என்று முடிவெடுப்பது தப்பு. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 400 கிராம் காய்கனி என்கிறது. பெரும்பாலான வீடுகள் அதன் பக்கத்திலேயே வருவதில்லை. ஆர்கானிக் வாங்கியதால் காய் கூடையின் அளவு சுருங்கினால், நீங்கள் நஷ்டத்தில் இருக்கிறீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2012-இல் ஏறக்குறைய இதையேதான் சொன்னது.

நன்றாகக் கழுவினால் போகாதா? உப்பா, வினிகரா, பேக்கிங் சோடாவா?

ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினாலே மேற்பரப்பில் இருப்பதில் கணிசமான பங்கு போய்விடும். வெறும் தண்ணீரானால் தேய்ப்பதுதான் முக்கியம், ஊறவைப்பது அல்ல. 2017-இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆப்பிளில் இரண்டு மருந்துகளைத் தடவிச் சோதித்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பேக்கிங் சோடா, அதாவது சுமார் இரண்டு தேக்கரண்டி. பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் மேலே இருந்தது போய்விட்டது. ஆனால் ஒரு மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குள் தோலுக்குள் இறங்கியிருந்தது. அதை எந்தக் கரைசலும் எடுக்கவில்லை.

வேர் வழியாக உறிஞ்சப்பட்டுச் செடி முழுதும் பரவும் மருந்துகளும் உண்டு. அவற்றைக் கழுவ முடியாது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டவே வேண்டாம். காயின் நுண்துளைகளில் அது தங்கிவிடும். ஒரு ரசாயனத்தை எடுக்கப்போய் இன்னொன்றைச் சாப்பிடுவீர்கள்.

தோலை உரித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

பெரும்பகுதி தீரும். நார்ச்சத்தும் தோலோடு போகும். நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தோலோடு சாப்பிடுவது என் வழக்கம்.

புழு இருந்தால் மருந்தடிக்காதது என்று எடுத்துக்கொள்ளலாமா?

புழு இருந்தால் அங்கே ஒரு புழு இருக்கிறது, அவ்வளவுதான். மருந்துக்குப் பழகி அதை எதிர்த்து நிற்கும் பூச்சிகள் ஏராளம். பத்து முறை அடித்த வயலிலும் புழு வரும். நல்ல ஆர்கானிக் பண்ணையிலிருந்து பளபளவென்று குறையில்லாத காயும் வரும்.

தானியம், பருப்பு வகைகளில் வண்டு வருவது வேறு விஷயம். ஆர்கானிக் கிடங்கில் ரசாயனப் புகைமூட்டம் போட முடியாது என்பதால் முட்டைகள் பிழைத்துவிடுகின்றன. வாங்கியதும் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டையும் செத்துவிடும். பெரிய மூட்டையாக வாங்காதீர்கள்.

பாக்கெட்டில் 'இயற்கையானது', 'பண்ணைப் புதியது' என்று போட்டிருக்கிறது. அதுவும் ஆர்கானிக்தானா?

அல்ல. 'இயற்கை' என்று அச்சடிக்க மை மட்டும் போதும். ஆர்கானிக் என்று போடப் பெரும்பாலான நாடுகளில் சான்று வேண்டும். ஆய்வாளர் ஆண்டுதோறும் நிலத்தையும் கணக்குப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும். பாக்கெட்டைத் திருப்புங்கள். அரசு அங்கீகரித்த முத்திரை, சான்று கொடுத்த அமைப்பின் பெயர் அல்லது குறியீட்டு எண், இவை இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பச்சை இலைப் படம் முத்திரை ஆகாது. இலையை யாரும் வரையலாம்.

பல பொருள்கள் கலந்த பண்டமானால் சதவீதம் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆர்கானிக் என்று பெயர் சூட்ட 95 சதவீதம் வேண்டும். தண்ணீரும் உப்பும் அந்தக் கணக்கில் வராது. அமெரிக்காவில் 70 சதவீதம் இருந்தால் 'ஆர்கானிக் பொருள்களால் செய்தது' என்று மட்டும் போடலாம், முத்திரை கிடையாது.

எனக்குத் தெரிந்த விவசாயியிடம் சான்று இல்லை. ஆனால் நல்லவர். வாங்கலாமா?

வாங்கலாம். சான்றுக்கு ஆகும் செலவும் எழுத்து வேலையும் சிறு விவசாயிக்குச் சுமை. அதற்காகத்தான் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை இன்னொருவர் பார்வையிட்டு உத்தரவாதம் கொடுக்கும் பங்கேற்பு முறை பல நாடுகளில் நடக்கிறது. அவர் அதில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

"மருந்தடிக்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள், "இல்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். போன பருவத்தில் எந்தப் பூச்சி அதிகம் வந்தது, என்ன செய்தீர்கள், எவ்வளவு போயிற்று என்று கேளுங்கள். உண்மையாகச் செய்பவர் அரைமணி நேரம் பேசுவார். தோற்ற கதையையும் சொல்வார். "எங்கள் நிலத்தில் பூச்சியே வராது" என்பவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

கடைக்காரர் லேப் ரிப்போர்ட் காட்டுகிறார். அதை எப்படிப் படிப்பது?

என் பழைய வேலை இதுதான், அதனால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். முதலில் தேதி. பிறகு மாதிரியின் விவரம்: உங்கள் கையில் இருக்கும் பாக்கெட்டின் தொகுதி எண் அதில் இருக்கிறதா? பரிசோதனைக் கூடம் கையில் வந்த பையைத்தான் சோதிக்கும்; அது எந்த வயலிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. அரைக் கிலோ பையைப் பிரித்து அரைத்து, அதில் ஒரு சிட்டிகைதான் கருவிக்குள் போகிறது.

அடுத்து, எத்தனை மருந்துகளுக்குச் சோதித்தார்கள் என்று பாருங்கள். இருபதுக்குச் சோதித்து 'எதுவும் இல்லை' என்பதும், நானூறுக்குச் சோதித்து அதையே சொல்வதும் ஒன்றல்ல. 'கண்டறியப்படவில்லை' என்றால் பூஜ்யம் என்றும் பொருள் இல்லை. கருவி நம்பகமாக அளக்கக்கூடிய அளவுக்குக் கீழே என்று பொருள்; அது பெரும்பாலும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்.

பால், முட்டை, இறைச்சி ஆர்கானிக்காக வாங்குவதில் லாபம் உண்டா?

இங்கே பூச்சிக்கொல்லியைவிட ஆன்டிபயாட்டிக்தான் பேச்சு. ஆர்கானிக் வளர்ப்பில் வளர்ச்சிக்காகவோ வழக்கமாகவோ அதைத் தீவனத்தில் கலக்கக் கூடாது. அமெரிக்க விதியில் சிகிச்சைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்த மாட்டின் பாலை ஆர்கானிக் என்று விற்க முடியாது. ஐரோப்பாவில், மருந்து கொடுத்த பிறகு பாலை விற்காமல் காத்திருக்க வேண்டிய காலத்தை இரட்டிப்பாக்கி அனுமதிக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகாமல் இருக்க இது உதவும். அந்த நன்மை உங்கள் வீட்டோடு நிற்காது.

2016-இல் வந்த தொகுப்பாய்வில் ஆர்கானிக் பாலில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு சுமார் பாதியளவு கூடுதல் என்று கண்டார்கள். மாடு புல் மேய்வதால். பாலில் ஒமேகா-3 இயல்பாகவே கொஞ்சம்தான் என்பதால் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம். அதே ஆய்வில் அயோடின் குறைவாக இருந்ததை விளம்பரங்கள் சொல்வதில்லை. பாலையே அயோடினுக்கு நம்பியிருக்கும் கர்ப்பிணிகள் அயோடின் கலந்த உப்பைக் கைவிடாதிருப்பது நல்லது.

குழந்தைக்கு ஆர்கானிக் பிஸ்கட் கொடுக்கிறேன். சரிதானே?

பாக்கெட்டின் பின்பக்கத்தில், எடை அதிகமான பொருள்தான் முதலில் வரும். முதல் மூன்றில் ஆர்கானிக் சர்க்கரை இருந்தால் அது இனிப்புப் பண்டம். பல்லுக்கும் கணையத்துக்கும் கரும்பு எந்த உரத்தில் வளர்ந்தது என்று தெரியாது. வெல்லப்பாகு, தேன், பழச்சாறுச் செறிவு என்று பெயர் மாறினாலும் கதை இதுவே.

2012-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள், இனிப்புக்காக ஆர்கானிக் பழுப்பரிசிப் பாகு சேர்த்த குழந்தைப் பால்மாவைச் சோதித்தார்கள். அந்தப் பாகு சேராத மாவைவிட இருபது மடங்குக்கும் மேல் ஆர்சனிக் இருந்தது. நெற்பயிர் மண்ணிலும் நீரிலும் இருக்கும் ஆர்சனிக்கை இழுத்துக்கொள்ளும். ஆர்கானிக் நெல் என்று அது தள்ளி நிற்பதில்லை. அரிசியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அது குறையும். குழந்தைக்கு ஒரே தானியத்தைத் தினமும் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

ஆர்கானிக் என்பதால் கழுவாமல் சாப்பிடலாம் அல்லவா?

கூடாது. தொழுஉரத்தில் வளர்ந்தது என்பதை மறந்துவிட வேண்டாம். 2011-இல் ஜெர்மனியில் ஈ. கோலை கிருமி பரவி ஏறக்குறைய 4,000 பேர் நோயுற்றார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணை ஓர் ஆர்கானிக் பண்ணையின் முளைகட்டிய வெந்தயத்தில் போய் நின்றது. ஆர்கானிக் என்பதால் அது நேரவில்லை. வெளியிலிருந்து வாங்கிய விதையில் கிருமி இருந்திருக்க வேண்டும், முளைகட்டும் வெதுவெதுப்பான ஈரத்தில் அது பெருகியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆனால் அந்தச் சொல் அதைத் தடுக்கவும் இல்லை. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்கு முளைகட்டியவற்றை வேகவைத்தே கொடுங்கள்.

நாங்களே தொட்டியில் வளர்த்தால் நூறு சதவீதம் ஆர்கானிக்தானே?

மண் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லுங்கள். பழைய கட்டடச் சுவரை ஒட்டிய மண்ணில் உதிர்ந்த பெயின்டின் ஈயம் இருக்கலாம். கீரையைத்தான் அது அதிகம் பாதிக்கும். இலையில் மண் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான மண்ணும் மட்கும் போட்டு வளர்த்தால் நிச்சயம் நல்லது. தன் கையால் தண்ணீர் ஊற்றிய தக்காளியைக் காய் தின்னாத பிள்ளையும் தின்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று மாதம் ஆர்கானிக் வாங்கினோம். உடம்பில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா?

தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. சியாட்டில் குழந்தைகளுக்கும் எதுவும் தெரிந்திருக்காது. சோதனைக் குழாயில்தான் தெரிந்தது. தோல் மினுங்கியது, சளி நின்றது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அதே சமயத்தில் பாக்கெட் தின்பண்டத்தையும் குறைத்திருப்பார்கள்.

பணம் இடித்தால் நிறுத்துங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். நிறுத்துவதற்கு முன் போன மாத ரசீதுகளை எடுத்து, ஆர்கானிக் என்று வாங்கியவற்றில் பிஸ்கட், பழச்சாறு, சர்க்கரை, வெங்காயம் ஆகியவற்றை மட்டும் அடித்துப் பாருங்கள். மிச்சமிருப்பது பிள்ளை தினமும் கடிக்கும் ஆப்பிளும் கீரையும் என்றால், அவற்றை மட்டும் தொடர உங்களுக்கு முடிகிறதா என்று கணக்குப் போடுங்கள்.